ஜூலையைத் திருடப் போன கதை

என் அக்காவுக்கு உலகத்தில் பிடிக்காதவை இரண்டு. மனிதர்கள் ஒன்று, அவர்கள் எழுதுகிற தமிழ் இன்னொன்று. இரண்டாவதில் பிழை கண்டுபிடிக்க அச்சகத்தில் சம்பளம் கொடுத்தார்கள். முதலாவதில் அந்த வேலையை அவள் இலவசமாகவே செய்துவந்தாள்.

அச்சகத்தில் அவளுக்கு 'திருத்தம்' என்று பெயர். புரூஃப் பார்க்கிற மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள். கல்யாணம் நிச்சயமான பிறகு மாப்பிள்ளை ஆசை ஆசையாக ஒரு கடிதம் எழுதினார். அக்கா அதில் ஒன்பது இடங்களில் திருத்தம் போட்டு, ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அப்படியும் அந்த மனுஷர் கல்யாணத்துக்கு வந்தார். மாமாவின் பொறுமையைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் அதே அச்சகம்தான், பைண்டிங் மேசை. எங்கள் அச்சகத்துக்குச் சோறு போடுவது தினசரி காலண்டர். நாளுக்கு ஒரு தாள். பெரிய எழுத்தில் தேதி, அதன் அடியில் ஒரு பொன்மொழி. காலையில் தாளைக் கிழிக்கிறவன் அந்த ஒரு வரியைப் படித்து உற்சாகமாகி, நல்லவனாகி, வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பது முதலாளியின் எண்ணம். அந்தப் பொன்மொழிகளை முதலாளியின் அப்பா காலத்தில் யாரோ எழுதிவைத்திருந்தார்கள். மொத்தம் நாற்பது இருக்கும். அதையே சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் ஒரு கடைக்காரர் உட்கார்ந்து எண்ணிவிட்டார். "'பொறுமையே பெருமை' ஒன்பது தடவை வந்திருக்கு சார். எனக்குப் பொறுமை போயிடுச்சு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "ஊர்ல எல்லார் தமிழையும் குறை சொல்றியே, நீயே எழுதும்மா. முந்நூத்தி அறுபத்தஞ்சு வேணும். எல்லாம் புதுசா, படிச்சா மனசுக்குத் தெம்பா இருக்கணும்" என்றார்.

அக்கா ஒரு வாரம் யோசித்துப் பத்து எழுதிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் நின்றேன். முதல் மூன்று இப்படி இருந்தன: 'யாரையும் நம்பாதே, நம்பினால் என்னிடம் வந்து அழாதே.' 'சீக்கிரம் எழுந்துவிட்டதால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது.' 'உன்னை மாற்ற முடியாது என்பது உனக்கே தெரியும்.'

"ஏம்மா, இதைக் காலங்காத்தால படிச்சா மனுஷன் திரும்பிப் போய்ப் படுத்துக்குவானே?" என்றார் முதலாளி.

"தூக்கமும் உடம்புக்கு நல்லதுதானே சார்" என்றாள் அக்கா.

மாதிரிக்கு ஒன்றாவது உருப்படியாக எழுதிக் காட்ட இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அந்த மாதத்தில்தான் குளியலறை விவகாரம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் மேலிடத்தைச் சொல்ல வேண்டும்.

மேலிடம் என்பது அக்காவின் நாத்தனாருக்கு நாங்கள் இருவரும் வைத்திருந்த ரகசியப் பெயர். மாமாவுக்கு மூத்தவர். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாய் தகப்பன் போன பிறகு தம்பியை அவர்தான் வளர்த்தார். வீடும் அவருடையது. அக்கா குடும்பம் அந்த வீட்டில்தான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, வார்டிலிருந்து அவர் வெளியே வரவில்லை. காலை ஆறு மணிக்கு எல்லா அறை விளக்கையும் போட்டுவிடுவார். கூடத்துச் சுவரில் தொங்கும் காலண்டரில் தாள் கிழிக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். கிழித்து, பொன்மொழியை மூன்றாவது படுக்கை வரைக்கும் கேட்கிற குரலில் வாசித்து, மார்க்கும் போடுவார். "இன்னிக்குச் சுமார். பத்துக்கு நாலு."

நேரில் நாங்கள் அண்ணி என்று கூப்பிடும் அவர் தினமும் குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் வர மாட்டார். அக்கா, மாமா, பள்ளிக்கூடத்துக்குப் போகிற அவர்கள் பெண் மூவரும் வெளியே தோளில் துண்டோடு வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. அச்சகத்துக்கு வந்ததும் வராததுமாக வெட்டி மிஞ்சின துண்டுத்தாள் ஒன்றை எடுத்து எழுதினாள்: 'அண்ணி குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். வெளியே மூன்று பேர் துண்டும் தோளுமாக நிற்கிறோம். இது வீடா, ரயில் நிலையமா?'

எழுதியதும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதிக் கோபத்தில் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினாள்: 'காத்திருக்கத் தெரிந்தவனுக்கு எந்தக் கதவும் ஒருநாள் திறக்கும்.'

பின்பக்கத்தை மட்டும் காட்டியதும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இது! இதைத்தாம்மா நான் கேட்டேன்!"

அன்றைக்குப் பிடித்தாள் தொழிலை. ஒரு பக்கம் குறை, மறுபக்கம் பொன்மொழி. மெஷின்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பர் கட்டின் மேல் படுத்துக் குறட்டை விட்டால், மறுபக்கம் 'நிம்மதியான உறக்கம் நேர்மையானவனின் சொத்து.' முதலாளி மைக்கறை பட்ட அதே சட்டையை வாரத்தில் நான்கு நாள் போட்டுக்கொண்டு வந்தால், 'எளிமையே சிறந்த ஆடை.' நான் அவளிடம் இரவல் வாங்கின குடையை மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை என்றால், 'கொடுத்ததை மறப்பவனே வள்ளல்.' இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். குடையைக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு யாராவது அவளை எரிச்சல்படுத்தினால் முகம் மலர ஆரம்பித்தது. பேருந்தில் எவனாவது காலை மிதித்தால், "இன்னிக்கு ஒண்ணு கிடைச்சுது" என்று கைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துவிடுவாள். மிதித்தவன் பயந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். வீட்டிலும் அப்படித்தான். முன்பெல்லாம் அண்ணி ஒன்று சொன்னால் அக்கா மூன்று சொல்லுவாள். இப்போது கேட்டுக்கொண்டு, புன்னகையோடு குறித்துக்கொள்கிறாள். அண்ணிக்கு இது பிடிபடவில்லை. "என்னம்மா, பதிலே பேச மாட்டேங்கற? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒருநாள் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அக்கா திருந்திவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். அவளோடு பிறந்தவள் நான், பொய்ச்சாட்சி சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தரைத் திட்டி எழுதிய கையோடு தாளைத் திருப்பி, அவரிடம் அப்படி என்னதான் நல்லது இருக்கிறது என்று கால் மணி நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்று வீதம் முந்நூற்று அறுபத்தைந்து தடவை. மாட்டுக்குக்கூட வழி பழகிவிடும், அக்காவுக்குப் பழகாதா? அந்த வீட்டில் ஏழெட்டு வருடமாக இல்லாத அமைதி வந்தது. மாமா இரண்டு கிலோ கூடினார்.

கெடுதல் ஒரு காய்ச்சல் வடிவத்தில் வந்தது.

அக்கா, எழுதிய வரிசை பார்க்காமல், மாதத்துக்கு ஒரு கட்டாகத் தாள்களைக் கிளிப் போட்டு டைப்பிஸ்ட் மேசையில் வைப்பாள். பொன்மொழிப் பக்கம் மேலே இருக்கும். "மேல இருக்கறதை மட்டும் அடிங்க. திருப்பிப் பார்த்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று அவருக்குக் கண்டிப்பான உத்தரவு. அவர் உத்தரவை மீறாத மனுஷர். தீப்பிடித்தால்கூட, எழுந்து ஓடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் ஓடுவார். ஜூலை மாதக் கட்டைக் கொண்டுவந்து வைத்த அன்று அக்காவுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். கட்டைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். டைப்பிஸ்ட் மேலே இருந்ததை அடித்தார். முப்பத்தோரு குறையும், அண்ணி முதற்கொண்டு, அழகான எழுத்தில் கணினிக்குள் ஏறின.

சரி, புரூஃப் பார்க்கும்போது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அக்கா படுக்கையில் இருந்ததால் அந்த மாதத்துக்குப் புரூஃப் பார்த்தது நான். எனக்குக் கற்றுக்கொடுத்தது அக்கா. அவள் பாடம் இதுதான்: "படிக்காதே, பாரு. படிச்சா அர்த்தத்துக்குப் பின்னாடியே மனசு போயிடும், பிழை தப்பிச்சுடும். கடைசிச் சொல்லுல ஆரம்பிச்சு முதல் சொல்லுக்கு வா." அப்படியே செய்தேன். நிலையமா, ரயில், வீடா, இது, நிற்கிறோம், தோளுமாக. எல்லா எழுத்தும் சரி. கையெழுத்தோடு ஒப்பிட்டேன், புள்ளி பிசகவில்லை. 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளிலேயே நான் குறையில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

பன்னிரண்டாயிரம் காலண்டர் அச்சாகி, டிசம்பரில் விற்று, பன்னிரண்டாயிரம் சுவர்களில் ஏறிவிட்டன. நாளைய தாளை இன்றைக்கே தூக்கிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

விற்காமல் மிஞ்சின காலண்டர்களைப் பைண்டிங் மேசையில் பசை துடைக்க வைத்துக்கொள்வோம். ஜூன் முப்பதாம் தேதி மதியம் மூன்று மணிக்கு, நான் துடைத்துத் துடைத்து ஜூன் வரைக்கும் தீர்த்துவிட்டு ஜூலைக்கு வந்தேன். கையில் எடுத்த தாளை முதன்முறையாக முன்னாலிருந்து படித்தேன். 'அண்ணி குளியலறைக்குள் போனால்…'

முதலில் சிரித்தேன். பிறகு அது அச்சடித்த எழுத்து என்பது உறைத்தது. காலண்டரோடு புரூஃப் மேசைக்கு ஓடினேன். அக்கா படித்தாள். அடுத்த தாளைப் புரட்டினாள். அதற்கடுத்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இது யாரு புரூஃப் பார்த்தது?"

"நீ சொல்லிக்கொடுத்த மாதிரிதான் பார்த்தேன்" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "காலைல ஆறு மணிக்கு அண்ணி கிழிச்சு சத்தமா வாசிப்பாங்க" என்றாள்.

"வீட்டை விட்டுப் போகச் சொல்லிடுவாங்களா?"

"சொல்லட்டுமே. வேற வீடு பார்த்துக்கலாம். வேலை போனாலும் வேற வேலை பார்த்துக்கலாம்." சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அவங்க அதைப் படிக்கும்போது நான் எதிர்ல நிக்கணுமே. அதைத்தான் என்னால முடியாது."

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் அக்காவே அந்தத் தாளை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பாள். இப்போது அந்தக் கிழவி மனம் நோகுமே என்று இவள் தவிக்கிறாள். யாரைத் திட்டி எழுதினாளோ அவரையே, தினம் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு, தனக்கே தெரியாமல் பிடித்துப்போய்விட்டது இவளுக்கு.

பன்னிரண்டாயிரம் வீட்டு விஷயத்தை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஜூலையில் முதலாளி இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. அவருடைய சட்டை எட்டாம் தேதி வந்திருந்தது. நாலைந்து கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரே ஓர் அம்மாள் மட்டும் கடிதம் போட்டிருந்தார்: 'எங்கள் வீட்டு விஷயத்தை உங்களுக்குச் சொன்னது யார்? என் ஓரகத்திதானே? உண்மையைச் சொல்லவும்.' முதலாளி அதை மூன்று முறை படித்துச் சிரித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வேலை தப்பித்தது.

ஆனால் ஜூன் முப்பதாம் தேதி மதியம் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். அண்ணி மாலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போவார். அந்த நேரத்தில் ஜூலையை அப்படியே உருவிவிட வேண்டும்.

"உருவிட்டா ஜூனுக்கு அப்புறம் ஆகஸ்ட் வருமே" என்றேன். "போன வருஷத்து ஜூலையை எடுத்துச் செருகிடலாமா?"

"கிழமை தப்பா வரும்."

"வீடு போகப்போகுது, வேலை போகப்போகுது, உனக்குக் கிழமையா முக்கியம்?"

"தப்பான கிழமையோட ஒரு மாசம் என்னால இருக்க முடியாது" என்றாள். தலை போகிற நேரத்திலும் திருத்தம் திருத்தம்தான். கடைசியில், காலண்டரையே கழற்றித் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு, சுவர் துடைக்கும்போது தவறி விழுந்துவிட்டது என்று சொல்வதாக முடிவானது. தவறிப்போய்த் தள்ளிவிட்டது நான் என்று சொல்வதாகவும் முடிவானது. இந்த இரண்டாவது முடிவை அவள் மட்டும் எடுத்தாள்.

ஐந்து பத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தோம். வாசலில் அண்ணியின் செருப்பு இல்லை. அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நான் இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். என்னதான் எழுதியிருக்கிறோம் என்று கடைசியாக ஒரு தடவை பார்க்க நினைத்தாளோ என்னவோ, ஜூன் முப்பதைத் தூக்கினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"ஜூலை இல்லை."

"இல்லைன்னா?"

"ஆகஸ்ட் ஒண்ணு இருக்கு. ஜூலையைக் காணோம்டி!"

திருடப் போன இடத்தில் சாமான் ஏற்கெனவே திருட்டுப் போயிருந்தால் யாரிடம் புகார் கொடுப்பது? நாங்கள் விழித்துக்கொண்டு நிற்கும்போது, பின்னால் வார்டுக் குரல் கேட்டது.

"என்ன தேடறீங்க ரெண்டு பேரும்?"

அண்ணி நடைக்குப் போகவில்லை. செருப்பின் வார் அறுந்து, அதைக் கொல்லைப் பக்கம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாராம். கையில் ஊசியோடு நின்றார். தலைமை நர்ஸ் கையில் ஊசியோடு நின்றால் எப்படி இருக்கும்? வாளி என் கையிலிருந்து நழுவியது. பாதித் தண்ணீர் என் காலில், மீதி கூடத்தில்.

"சுவர் துடைக்கிறோம்" என்றேன்.

"துடைங்க. நல்லா துடைங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி தன் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு. ரப்பர் பேண்டு போட்டிருந்தது. முழு ஜூலையும்.

"காலண்டர் வந்த அன்னிக்கே நான் வருஷம் பூரா படிச்சுடுவேன். யாருக்கு இந்த வயசுல முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் காத்திருக்கப் பொறுமை இருக்கு?" என்றார். "ஜனவரியிலயே பார்த்துட்டேன்."

ஆறு மாதம்! ஆறு மாதமாக எல்லாம் தெரிந்து, ஒன்றும் தெரியாத மாதிரி காலையில் தாள் கிழித்து மார்க் போட்டிருக்கிறார். அக்கா முக்காலியிலிருந்து இறங்கவில்லை. "அண்ணி, அது… காய்ச்சல்ல கட்டு திரும்பி…" என்று ஆரம்பித்தாள்.

"இந்தா, படி. முன்னாடி இருக்கறது எனக்குத் தெரியும். பின்னாடி படி."

அக்கா கட்டை வாங்கித் திருப்பினாள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும், மருந்துச் சீட்டு எழுதிப் பழகின கையெழுத்தில், அண்ணி பதில் எழுதிவைத்திருந்தார். குளியலறைத் தாளின் பின்னால்: 'பத்து நிமிஷம்தான் குளியல். மீதி நேரம் குறுக்கெழுத்துப் போட்டி. கூடத்தில் உட்கார்ந்து போட்டால் நான் யோசிப்பதற்குள் நீ விடையைச் சொல்லிவிடுகிறாய்.'

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த தாளில் அவள் எழுதியது: 'அண்ணி சாப்பிடும்போது ஆஸ்பத்திரிக் கதையை நிறுத்துவதே இல்லை. எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.' அதன் பின்னால்: 'முப்பது வருஷம் டியூட்டி அறையில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். கேட்க ஆள் கிடைத்தால் விடுவேனா? ஆனாலும் ஆபரேஷன் கதைகளைக் குறைத்துக்கொள்கிறேன்.'

"இதுல என்னைப் பத்தி ஒன்பதுதான் இருக்கு" என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். "உன்னைப் பத்தி பன்னெண்டு."

"என்னைப் பத்தியா?" நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். கட்டைப் பிடுங்கிப் புரட்டினேன். பதினோராம் தேதி: 'என் தங்கைக்குப் புத்தி நிறைய இருக்கிறது. உபயோகிக்காமல் புதிதாகவே வைத்திருக்கிறாள்.' பதினாறு: 'தினம் சாயங்காலம் டீக்கு வருகிறாள். டம்ளரைக் கழுவியதாகச் சரித்திரம் இல்லை.' பன்னிரண்டையும் நானே, ஒற்றெழுத்து விடாமல் பார்த்து, பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பின்பக்கமாவது ஆறுதலாக ஏதாவது இருக்கும் என்று திருப்பினேன். அண்ணி எழுதியிருந்தார்: 'மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.'

அண்ணி சிரித்தார். அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாளைக்குக் காலைல வழக்கம்போல வாசிப்பேன். ரெண்டு பக்கமும் வாசிப்பேன். எல்லாரும் நின்னு கேக்கணும். நீயும் வந்துடு" என்றார் என்னிடம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் கட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, துணியை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தேன். அக்கா கடைசித் தாளுக்கு வந்திருந்தாள். அதைத் திருப்பினாள். முன்னால் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் அக்கா எழுதியது அச்சில் இருந்தது: 'அண்ணி இல்லாத வீட்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்க்க வேண்டும்.'

"அதுக்குப் பதில் எழுத வரலை" என்றார் அண்ணி. அவர் சிரிப்பு நின்றிருந்தது. "ரொம்ப நாள் யோசிச்சேன். எழுத வரலை. அதனால போயிட்டேன்."

"எங்க அண்ணி?"

"மார்ச்சுல ஒரு ஞாயித்துக்கிழமை என் சித்தி பொண்ணு கூப்பிட்டான்னு சொல்லிட்டுப் போனேனே. அவ ஒண்ணும் கூப்பிடலை. நானாத்தான் போய் நின்னேன். அவங்க குடும்பத்தோட எங்கயோ கிளம்பிட்டிருந்தாங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஆனதும் வந்தேன்."

நான் துடைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு மனுஷி, தன் சொந்த வீட்டை விட்டு, இன்னொருத்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பரிசாகக் கொடுப்பதற்காகப் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

"எப்படி இருந்துச்சு அந்த ஞாயிறு?" என்றார் அண்ணி. வார்டுக் குரல் இல்லை, சாதாரணமாகக் கேட்டார். "நல்லா இருந்துச்சுன்னா சொல்லு. மாசத்துக்கு ஒண்ணு போறேன். எனக்கும் நடந்த மாதிரி இருக்கும்."

அக்கா முக்காலியிலிருந்து மெல்ல இறங்கி, கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, அந்தத் தாளைச் சுவரில் வைத்துப் பின்பக்கத்தில் ஒரே வரி எழுதி நீட்டினாள்.

அண்ணி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். "'மதியம் வரை நன்றாக இருந்தது.'" கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். "மதியத்துக்கு அப்புறம்?"

"நீங்க எப்ப வருவீங்கன்னு உங்க தம்பிகிட்ட மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை அவர் சிரிச்சுட்டார்" என்று சொல்லும்போதே அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி அவளை அழவிட்டார். முந்தானையால் தன் கண்ணாடியைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அப்ப மாசத்துக்கு ஒண்ணு வேண்டாமா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"வருஷத்துக்கு ஒண்ணு போதும் அண்ணி" என்றாள். "மதியம் வரைக்கும்."